பழைய சாமான் அக்கா

அந்த அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுடைய மகள் யாரென்று தெரிந்துவிடும். மகள் இனிமேல்தான் வாழ வேண்டியவள். எங்கள் பக்கத்தில் அக்காவை எல்லோரும் பழைய சாமான் அக்கா என்றுதான் சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும்.

நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு முக்கில் வண்டியைப் போட்டுக்கொண்டு லோடுக்குக் காத்திருக்கும் ஆட்களில் ஒருவன். பூ மூட்டை, தறிக்கான நூல், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது வந்தாலும் ஏற்றுவேன். ஒருநாள் காலையில் அக்கா குடையை மடக்கிக்கொண்டே வந்து என் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, எங்கூட வாடகைக்கு வாரவன் வாயத் தெறக்காம இருக்கணும். விலை பேசுத எடத்துல குறுக்க ஒரு வார்த்த விழுந்துச்சுன்னா காரியம் கெட்டுப் போவும். முடியுமா?"

முடியும் என்றேன். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கும் மேலாக அவளுடைய சாமான்களை ஏற்றியதும் இறக்கியதும் நான்தான்.

அவளுக்குக் கடை கிடையாது. போன்தான் கடை. வேண்டாத பொருளைப் படம் பிடித்துப் போனில் போட்டு விற்கிறார்களே, அதில் காலையிலிருந்து துழாவிக்கொண்டே இருப்பாள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், தையல் மெஷின், எதுவானாலும் சரி. மலிவாக வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, ரிப்பேர் இருந்தால் பார்த்து, புதுப் படம் பிடித்துத் திரும்ப அதே போனில் போடுவாள். பின்னால் ஒரு நீளமான அறை இருந்தது, ஒருகாலத்தில் தறி ஓடிய அறை. அதுதான் குடோன்.

படத்தை அவள் பார்க்கிற விதமே தனி. மற்றவர்கள் பொருளைப் பார்ப்பார்கள். அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, பொருளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள்.

"ஃபிரிட்ஜ எதுக்குப் பாக்கே? ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜாத்தான் இருக்கும். சொவத்தப் பாரு. டிவி மாட்டுன ஆணி மட்டும் நிக்கி. டிவி முன்னமே போயாச்சு. இந்த வீட்ல முடை இருக்கு தம்பி."

பணமுடையை அவள் வெறும் முடை என்றுதான் சொல்வாள். முடை இருக்கிற வீட்டில் விலை படியும். அவசரம் இல்லாதவன் பொருளை வருஷக்கணக்கில் போட்டு வைத்திருப்பான், பத்து ரூபாய் இறங்கமாட்டான் என்பாள். அவள் சொன்னது தவறிப்போய் நான் பார்த்ததில்லை.

புளியங்குடியில் ஒரு வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போனோம். எலுமிச்சங்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரின் வீடு. படத்தில் வாசல் பக்கம் பள்ளிக்கூடப் பைகளும் மடித்த பாயும் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததை அக்கா காட்டியிருந்தாள். போனபோது அப்படித்தான் இருந்தது. திருப்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்ட விலையில் பாதியைச் சொல்லிவிட்டு அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு சரி என்றார். நாங்கள் கயிற்றைக் கொண்டுவருவதற்குள் அந்த அம்மா ஒரு ஈரத்துணியால் ஃபிரிட்ஜின் உள்தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நிறுத்துகிற மாதிரி இல்லை. அக்கா மெல்லப் போய் அவள் கையிலிருந்து துணியை வாங்கினாள்.

"தொடைக்காண்டாம் தாயி. நான் தொடைச்சுக்கிடுதேன். நீ பஸ்ஸுக்கு நேரத்தப் பாரு."

அவ்வளவு பதமாகச் சொன்னாள். ஆனால் விலையில் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. திரும்பி வரும்போது எனக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்தது. கண்ணாடி வழியாகப் பின்னால் நிற்கிற ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"நாம போகலன்னா வேற ஒருத்தன் போயிருப்பான். அவன் இன்னும் கொறச்சிக் கேட்டிருப்பான். ரோட்டப் பாத்து ஓட்டு."

அதே ஃபிரிட்ஜை மேலநீலிதநல்லூரில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு விற்றாள். விற்கும்போது அவள் வேறு ஆள். பொருளின் குறையை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வாள். "கதவு ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருக்கு, அழுத்திச் சாத்தணும், நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது" என்றாள். ஒருமுறை ஒரு வாஷிங் மெஷினை வாங்க வந்த டீச்சரிடம், "சத்தம் போடும். ஆனா வேலை செய்யும். சத்தமும் போட்டு வேலையும் செய்யாத ஆம்பளைகளோடயே நாம குடும்பம் நடத்தலையா?" என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

அவளுடைய வீட்டுக்காரர் சத்தமே போடாதவர். விசைத்தறி ஷெட்டில் வேலை. தறிச் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. அவரிடம் எதைச் சொல்வதானாலும் கத்திச் சொல்ல வேண்டும், கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். அதனால் வீட்டில் பேச முடியாததையெல்லாம் அக்கா என் வண்டியில் ஏறித்தான் பேசுவாள். கண்ணாடியை ஏற்றிவிடச் சொல்வாள். வேர்த்துக் கொட்டும். இருந்தாலும் ஏற்றிவிட்டுத்தான் பேசுவாள்.

போனில் ஏமாற்றுகிறவனை அவளால் மோப்பம் பிடிக்க முடியும். எங்கள் முக்கில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு பைக் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். புதுசு மாதிரி வண்டி, அடிமாட்டு விலை. விற்கிறவன் மாற்றலாகிப் போகிறானாம், பாதிப் பணம் அனுப்பினால் லாரியில் ஏற்றிவிடுவானாம். அண்ணாச்சி அனுப்பத் தயாராக நின்றார். அக்கா படத்தை ஒருமுறைதான் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வண்டிக்கு அடியில தரையப் பாருங்க. மழை பேஞ்சு சேறு கெடக்கு. அவன் சொல்லுத ஊர்ல மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு? எவன் வண்டியையோ எடுத்த படம் இது. போன வைங்க."

அண்ணாச்சி அன்றைக்கு எங்கள் இருவருக்கும் டீக்குக் காசு வாங்கவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். தென்காசியில் கட்டிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். மகளும் சின்னப் பேத்தியும் வாடகை வீட்டில் இருந்தார்கள். மகள் கல்யாணத்துக்குச் சீர் சாமான் வாங்கியதை அக்கா பெருமையாகச் சொல்வாள். வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான் ஷோரூமுக்குள் கால் வைத்தாளாம். பீரோ, கட்டில், மெத்தை என்று வாங்கியதெல்லாம் புதுசு. "எம்மவளுக்கு இன்னொருத்தி தொட்ட பொருள் வேண்டாம் தம்பி. மெத்தையில ஒட்டுன பிளாஸ்டிக் கவரக்கூட அவதான் பிரிக்கணும்னு சொல்லிட்டேன்."

ஒருநாள் வாசுதேவநல்லூரில் ஒரு லோடை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். திடீரென்று பேச்சு நின்றது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"வண்டிய ஓரங்கட்டு" என்றாள்.

ஒரு பீரோ. மயில்கழுத்து நிறம். கதவில் ஆளுயரக் கண்ணாடி. கைப்பிடியில் மஞ்சள் துணி முடிச்சு சாயம் போய்த் தொங்கியது. விற்பவர் பெயர் என்று வேறு ஏதோ ஒரு ஆண் பெயர் இருந்தது. ஆனால் படம் எடுத்தவள் அந்தக் கண்ணாடியில் விழுந்திருந்தாள். நைட்டி போட்டிருந்தாள். முகத்தைப் போன் மறைத்திருந்தது. போனைப் பிடித்திருந்த கையும் தோளும் இடுப்பில் சாய்ந்திருந்த குழந்தையின் காலும் தெரிந்தன.

"எம்மவ" என்றாள் அக்கா. அந்தக் கையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சிருக்கா" என்றாள்.

அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிட்டாச்சா, பாப்பா என்ன செய்யுதா, மாப்ள பேசினாகளா. எல்லாம் நல்லாருக்கோம்மா என்றது அந்தப் பக்கம். வேறு ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்டாள். ஒண்ணும் இல்லம்மா. போனை வைத்துவிட்டாள்.

"ஒம் போன்ல இருந்து கேளு. பீரோ இருக்கான்னு."

என் நம்பர் மகளுக்குத் தெரியாது. கேட்டேன். உடனே பதில் வந்தது. விலையும் வந்தது. அந்தப் பீரோவுக்கு அது விலையே இல்லை, அவ்வளவு மலிவு. நான் அக்காவைப் பார்த்தேன்.

"பேரம் பேசாத. கேட்டதக் குடுக்கேன்னு சொல்லு. நாளைக்குக் காலையில வாரேன்னு சொல்லு."

மறுநாள் புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். நான்தான் கதவைத் தட்டினேன். மகள் திறந்து, "பீரோவுக்கா அண்ணே?" என்று கேட்டவள், எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே சுவரில் டிவி இல்லை. ஆணி மட்டும் இருந்தது. அக்காவின் கண் அதன்மேல் போய் நின்றதை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை மேல்தான் அக்கா சந்தேகப்பட்டு வந்திருந்தாள். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம் என்று யாரோ மகளைப் போனில் ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். ஹோட்டல் படங்களுக்கு நட்சத்திரம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதலில் கொஞ்சம் பணம் நிஜமாகவே வந்திருக்கிறது. பிறகு பெரிய வேலை வேண்டுமென்றால் முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினாள். வருமானம் ஏறிக்கொண்டே போவதாகத் திரையில் காட்டியது. எடுக்கப் போனால் வரி கட்டு என்றார்கள். கட்டினாள். அபராதம் கட்டு என்றார்கள். அதற்குத்தான் டிவி போயிருந்தது. இப்போது பீரோ.

"பாருங்கம்மா" என்று மகள் போனை நீட்டினாள். "எம்பேர்லதான இருக்கு? இம்புட்டும் என் பணம். இன்னும் ஒரு தடவ கட்டிட்டா மொத்தமும் வந்துரும். அவுக லீவுல வாரதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப வாங்கி வச்சிருவேன்."

"ஏட்டி, காட்டுதான். குடுக்கானா? காட்டுததுக்கு அவனுக்கு என்ன செலவு?"

"நீங்க மட்டும் என்ன செய்யுதீங்க? போன்ல படத்தப் பாத்துத்தான நம்பிப் போறீங்க? நான் நம்புனா மட்டும் கிறுக்கியா?"

ஊரில் யார் யாருக்கோ படத்தைப் பார்த்துப் புத்தி சொன்னவள் அக்கா. மகள் கையிலிருந்த போனை வாங்கி, இரண்டு விரலால் அந்தத் தொகையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதற்குப் பின்னால் பார்க்கச் சுவரும் இல்லை, தரையும் இல்லை. வெள்ளைத் திரையும் எண்களும்தான்.

போலீசில் எழுதிக் கொடுப்போம் என்று நான் சொன்னேன். வாயைத் திறக்கக் கூடாதென்ற ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் மீறினேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஸ்டேஷன், கீஷன்னு போனா அவுகளுக்குத் தெரிஞ்சிரும். அவுகளுக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்கமாட்டேம்மா. பாப்பா மேல சத்தியமாச் சொல்லுதேன்."

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "பீரோவ ஏத்து" என்றாள்.

அன்று சாயங்காலம் பீரோவைத் தறி அறையில் இறக்கினோம். வேலை முடிந்து வந்த அவள் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நம்ம பிள்ளைக்கு வாங்குனது மாதிரியே இருக்கே" என்றார், காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில். அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கண்ணாடியில் முகம் பார்த்து மீசையைத் தடவிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

அதற்கடுத்து வாஷிங் மெஷின். இந்தத் தடவை மகள் அதை வெளியே போடவில்லை. படத்தை நேராக அம்மாவுக்கே அனுப்பிவிட்டாள். வேணும்னா எடுத்துக்கோங்க, இல்லன்னா வெளியில போட்டுருதேன் என்று கீழே எழுதியிருந்தாள். பிறகு கட்டில், மெத்தை, கிரைண்டர். அக்கா ஒவ்வொன்றையும் வாங்கினாள். வாங்கினால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். வாங்காவிட்டால் சாமான் வேறு எவனிடமோ போகும், பணம் அதே இடத்துக்குத்தான் போகும்.

"என்ன செய்யச் சொல்லுத தம்பி? கையக் கட்டிக்கிட்டு இருக்கவா? அவ சொன்ன மாதிரி ஏதாவது செஞ்சுக்கிட்டான்னா?" என்பாள். வண்டிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான் இதைச் சொல்வாள்.

மகளுக்குப் பணம் கொடுப்பதற்காகக் கையில் இருந்த சரக்கை அவசரமாகத் தள்ள வேண்டியதாயிற்று. ராயகிரியிலிருந்து ஒருவர் தையல் மெஷின் பார்க்க வந்தார். நல்ல மெஷின். அவர் மெஷினைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அக்கா கையிலிருந்த போன் விடாமல் அடிப்பதையும், அவள் எடுத்து எடுத்துப் பார்ப்பதையும், காதில் தோட்டுக்குப் பதிலாக வேப்பங்குச்சி இருப்பதையும் பார்த்தார். பாதி விலை சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள். "எடுத்துக்கோங்க" என்றாள்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்கு மாப்பிள்ளை லீவில் வருவதாகச் சேதி வந்தது. அக்கா ஒரே நாளில் தறி அறையைக் காலி செய்தாள். இரண்டு நடை அடித்தேன். பீரோ, கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் பழைய இடத்துக்கே போயின. டிவியை மட்டும் மீட்க முடியவில்லை. அதே அளவில் பழையது ஒன்று பிடித்து, அந்த ஆணியிலேயே மாட்டினோம். கட்டிலைப் போட்டவுடன் பேத்தி ஏறிக் குதித்தாள். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் கண் முன்னாலேயே போனிலிருந்து அந்தக் குழுவை அழித்தாள். "இனி தொடமாட்டேம்மா" என்றாள். திரும்பி வரும்போது அக்கா எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். அவளும் நன்றாகச் சாப்பிட்டாள். எலும்பை ஓரமாக ஒதுக்கிவைத்துக்கொண்டே, "பெறந்தப்ப ரெண்டு கிலோகூட இல்ல தம்பி அவ, பொழைக்கமாட்டான்னுதான் சொன்னாக" என்று மகளைப் பற்றி என்னென்னவோ பேசினாள்.

தபசன்று கூட்டத்தில் அவர்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். நல்ல மனிதர். என்னைப் பார்த்து, "அத்தைக்கு நீங்கதான் பெரிய ஒத்தாசன்னு இவ சொல்லுவா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

லீவு முடிந்து அவர் விமானம் ஏறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அக்கா முக்குக்கு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். அதே பீரோ, இன்னும் குறைந்த விலைக்கு. இந்தத் தடவை கண்ணாடியில் யாரும் விழவில்லை. அதன்மேல் ஒரு சேலையை மேலிருந்து கீழ்வரை போட்டு மறைத்திருந்தார்கள்.

"கேக்கட்டுமா அக்கா?"

"வேண்டாம். நான் வாங்க வாங்கத்தான் அவ விக்கா. மாப்ளகிட்டச் சொல்லப் போறேன். மனுசன் கோவப்பட்டாப் பட்டுட்டுப் போறாரு. ஒருத்தராவது அவளப் பிடிச்சு நிறுத்தணும்லா?"

ஆனால் உடனே சொல்லவில்லை. மகள் சொன்ன சத்தியம் அவள் மனசில் கிடந்தது. பேத்தி தாத்தாவைத் தேடுகிறாள் என்று சொல்லி வீட்டுக்காரரைத் தென்காசிக்கு அனுப்பிவைத்தாள். அவர் அங்கே போய், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். நான் கண்ணாடிகளை ஏற்றினேன். இறங்கிப் போகட்டுமா என்று சைகையில் கேட்டேன். இரு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து, ஒன்றையும் மறைக்காமல், மகளுக்காகப் பரிந்தும் பேசாமல். "அவள ஒண்ணும் சொல்லிராதீங்க மாப்ள, அடிச்சாலும் என்னைய அடிங்க" என்று முடித்தாள். லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் அத்த" என்றார் மாப்பிள்ளை. "லீவுல வந்தப்பவே எங்கிட்டச் சொல்லி அழுதா. நானும் முதல்ல சத்தம் போட்டேன். அப்புறம் அவ போன்ல காட்டுனா. தொகை நிக்கத்தான் செய்யுது அத்த. நானே என் கண்ணால பாத்தேன். அவங்ககிட்டப் பேசுனேன், தமிழ்ல நல்லாத்தான் பேசுதாங்க. நானும் இங்கன ரூம்ல உள்ளவங்ககிட்ட வாங்கிக் கட்டியிருக்கேன்."

அக்கா என் கையை விட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவதான் அத்த. அதோட எல்லாம் வந்துரும்னு சொல்லுதாங்க. பீரோவும் அதுக்குத்தான் போட்டிருக்கு. ஒங்ககிட்டக் கேக்கணும்னு நானே நெனச்சேன். ஒங்களுக்கு நாலு எடத்துல பழக்கம் இருக்கு. கொஞ்சம் பொரட்டித் தர முடியுமா?"

வெளியே டீக்கடை அண்ணாச்சி எங்களுக்கு டீ வேண்டுமா என்று கையைக் காட்டிக் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அக்கா போனை மடியில் வைத்திருந்தாள். இரண்டு கைகளையும் அதற்கு இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தாள், தொடாமல்.

"அத்த? லைன்ல இருக்கீங்களா அத்த?"

"இருக்கேன் மாப்ள" என்றாள் அக்கா.